ஐசி மாதிரி, வருஷம் முன்னால

யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு அப்படியே செய்துவிடுகிற மனிதர் செல்லன். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் சொன்னார் என்று காய்ச்சலோடு போய்ச் செம்பனைக் குலை வெட்டியிருக்கிறார். தோட்டத்தை விற்றாயிற்று, லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று ஆபீசில் சொன்னபோது மற்ற குடும்பங்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து போராட, இவர் மட்டும் மறுநாளே லோரி பிடித்துச் சாமானை ஏற்றினார். பாமாயில் மில்லில் ஜாகா வேலைக்கு, அதாவது கேட்டுக் காவலுக்கு, சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கையெழுத்துப் போடாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பதற்காக, மில்லின் முதலாளியையே ஒருமுறை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தவர். அறுபத்து நான்கு வயதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் பிறர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த ஒன்றிலாவது கேட்டிருக்கலாம்.

அந்த விஷயம் அவருடைய கைப்பேசி. பெரிய விலை போகிற சாமான் இல்லை. மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். ஆனால் அதற்குள் மாலா இருந்தாள்.

மாலா செல்லனுக்கு ஒரே பெண். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து ஹாஸ்டலுக்கு நடக்கும்போது, சாயங்காலம் ஆறரைக்கு, அப்பாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுவாள். செல்லன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழ் அவருக்கு விளங்காது. அதனால் எல்லாமே பேச்சுத்தான். "அப்பா, சாப்டாச்சா? இன்னிக்கு லைன் லீடர் என்ன பண்ணான் தெரியுமா..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க நடந்துகொண்டே பேசுவாள். பின்னால் பஸ் சத்தம் கேட்கும். அப்படி இருநூற்றுச் சொச்சம் செய்திகள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ரத்தத்தில் கோளாறு என்றார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இருபத்தேழு முடிய ஒரு வாரம் இருக்கும்போது போய்விட்டாள். அவளுடைய கைப்பேசி ஆஸ்பத்திரிக் குளியலறையில் தண்ணீரில் விழுந்து அவளுக்கு முன்பே செத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு செல்லனுக்கும் மனைவி காளியம்மாவுக்கும் தினமும் ஆறரைக்கு ஒரு வேலை இருந்தது. ஏழு மணி ஷிப்டுக்கு அவர் கிளம்புவதற்கு முன் இருவரும் சமையற்கட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். செல்லன் ஒரு செய்தியைத் தட்டுவார். ஒன்றே ஒன்றுதான். கேட்டு முடித்ததும் காளியம்மா எழுந்து அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டுவாள். காளியம்மாவிடம் இருந்தது பட்டன் போன், அதில் இதெல்லாம் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த உயிர் அந்தக் கீறல் விழுந்த பெட்டிதான் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

ஒரு செய்தியை மட்டும் செல்லன் தட்டவே மாட்டார். கடைசியாக வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, போன் தண்ணீரில் விழுவதற்கு முதல் நாள் அனுப்பியது. மில் கேட்டில் நின்றபடி அதைத் திறந்தார். "அப்பா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா" என்றது குரல். அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டார். அழைத்துப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதைச் செல்லன் செய்தார். ஐந்தாம் நாள் அந்த வார்டிலேயே அவள் முடிந்துபோனாள். அந்தச் செய்தி ஒரு நிமிடம் பத்து வினாடி என்று திரையில் காட்டும். செல்லன் கேட்டது முதல் ஐந்தாறு வினாடிதான். காளியம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது பழநிக்குப் போகிறார். மாலா பிழைத்தால் வந்து முடி இறக்குகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டிருந்தார். பிழைக்கவில்லை. பிழைக்காத பிள்ளைக்காக யாராவது வேண்டுதலைத் தீர்க்கப் போவார்களா? செல்லன் போவார்.

"புள்ளையக் குடுக்காதவனுக்கு மயிரு எதுக்கு?" என்று கேட்டாள் காளியம்மா.

"சொல்லிட்டேன் புள்ள. சொன்னது சொன்னதுதான்."

ஆனால் அவர் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மலை மேல் அந்தச் சாமிக்கு முன்னால் நின்று மாலாவின் குரலைப் போட்டுக் காட்ட வேண்டும். நீ காப்பாற்றாமல் விட்டது யாரை என்று கேட்டுக்கொள் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளில் எவரையும் எதிர்த்துப் பேசாத மனிதர், போயும் போயும் கடவுளிடம் போய்ச் சண்டை போட நினைத்தார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அக்கா மகன் லோகேஸ்வரன் கைப்பேசியைக் கொண்டுவரச் சொன்னான். பத்தாங் பெர்ஜுந்தாயில் அவனுக்குக் கைப்பேசிக் கடை. ஊரின் பெயரை மாற்றி எத்தனையோ வருடமாகிறது. பெஸ்தாரி ஜெயா என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான். லோகேஸ்வரனும் மாலாவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே வயது. மாமா ஊர் தாண்டிப் போகிறார் என்றதும் அவனுக்கு ஆயிரம் கவலை.

"மாமா, இந்த ஹேன்ஃபோன எடுத்துட்டுப் போகாதீங்க லா. பழசு ஒன்னு சும்மா கெடக்கு, அதுல சிம் போட்டுத் தரேன். இத வீட்ல அத்தைகிட்ட குடுத்துட்டுப் போங்க. வெளிநாடு போறப்ப முக்கியமானது இருக்கிற ஃபோனக் கொண்டு போகவே கூடாது."

"வேணாம்பா." வீட்டில் விட்டுவிட்டுப் போனால் காளியம்மா ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே வருவாள். கடைசியில் அதுவும் வரும்.

"சரி, பேக்கப்பாச்சும் பண்ணி வைக்கிறேன். எல்லா வாய்சும் என் லேப்டாப்புல ஒரு காப்பி கெடக்கட்டும். காணாமப் போனாலும் கவலையில்ல."

"அதுல யாரும் கை வைக்க வேணாம் லோகேஸ்."

லோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். மாமா எதற்காவது வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. ஒரே நாளில் இரண்டு வேண்டாம். வற்புறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

"அப்ப லோக்காச்சும் போடணும் மாமா. இத்தன நாளா லோக்கே இல்லாமலா வச்சிருந்தீங்க? மூஞ்சிய இப்படிக் காட்டுங்க."

செல்லன் மூஞ்சியைக் காட்டினார். கைப்பேசி அவரை மேலும் கீழும் பார்த்துப் பதிந்துகொண்டது. அதோடு ஆறு எண்கள் கொண்ட ரகசிய எண் ஒன்றும் வேண்டுமாம். உறையைக் கழற்றியபோது உள்ளே மடித்து வைத்திருந்த மாலாவின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகல் கீழே விழுந்தது. லோகேஸ்வரன் அதை எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டு, பழையபடி உறைக்குள் வைத்தான். அதற்குள் கல்லாவில் ஒரு மலாய்க்கார அம்மா வந்து சார்ஜர் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவன் விரல் ஆறு முறை தட்டியது, மறுபடி ஆறு முறை தட்டியது.

"மாலா பொறந்த நாளையே வச்சிருக்கேன் மாமா. ஐசி மாதிரி, வருஷம் முன்னால. ஒங்களுக்குத் தெரியாததா. எங்கயும் எழுதி மட்டும் வைக்காதீங்க. இன்னொன்னு, பதினஞ்சு தடவ தப்பா அடிச்சா உள்ள உள்ளதெல்லாம் தானா அழிஞ்சிடும். எவன் திருடினாலும் ஒரு மண்ணும் பாக்க முடியாது."

செல்லன் தலையாட்டினார்.

இன்னும் நிறையச் சொன்னான். ஏர்போர்ட்டில் சும்மா கிடைக்கிற வைஃபையைத் தொடாதீர்கள். கண்ட சாக்கெட்டில் வயரைச் சொருகாதீர்கள். படம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். செல்லன் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டார். ஜெராம் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் போன அந்தக் குழுவில் அவரைப் போல் பாதுகாப்பாகப் பயணம் செய்தவர் வேறு ஒருவர் இல்லை. திருச்சி ஏர்போர்ட்டில் அவரோடு அறையில் தங்க இருந்த தங்கராஜு, மீன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு படம் எடுக்கக் கைப்பேசியைக் கேட்டபோதுகூட, "மன்னிச்சுக்கப்பா, மருமவன் குடுக்கக் கூடாதுன்னிருக்கான்" என்று சொல்லிவிட்டார். தங்கராஜு சிரித்துவிட்டுத் தன் கைப்பேசியில் எடுத்தார்.

பழநியில் காலையிலேயே முடி இறக்கினார். நாற்பது வருட மீசையும் போயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு கிழவன் தெரிந்தான். சந்தனத்தைத் தலையில் அப்பிக்கொண்டு, சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடி மலையடிவாரத்துக்கு வந்தார். சாமிக்கு எந்தச் செய்தியைப் போடுவது என்றுகூட முடிவு செய்திருந்தார். தீபாவளிக்குச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கியதைப் பற்றி மாலா சொல்லுகிற செய்தி.

"செல்போன் மேல கொண்டு போகக்கூடாதுங்க ஐயா. சுவிட்ச் ஆஃப் பண்ணிக் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கோங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

எழுதிப் போட்டிருந்த விதி. முதலாளியையே வெயிலில் நிற்க வைத்தவர் விதியோடு எப்படிச் சண்டை போடுவார்? அணைத்துக் கொடுத்தார். டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். மூன்று மணி நேரம் வரிசை. சன்னதியில் நின்றது எண்ணிப் பத்து நொடி இருக்கும். கையில் ஒன்றும் இல்லாததால் வாயிலும் ஒன்றும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்க, திருநீற்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சண்டை அவ்வளவுதான்.

கீழே இறங்கிக் கைப்பேசியை வாங்கியதும் உயிர்ப்பித்தார். இப்போதே அவள் குரலைக் கேட்டாக வேண்டும், ஆறரை வரை பொறுக்க முடியாது. மூஞ்சியைக் காட்டினார். திறக்கவில்லை. எண்ணைக் கேட்டது.

"மொட்ட அடிச்சு மீசையும் எடுத்திட்டீங்கல்ல அண்ணே, அதுக்கு அடையாளம் தெரியல" என்றார் தங்கராஜு.

செல்லனுக்கு அது என்னவோ போல் இருந்தது. பரவாயில்லை, எண்தான் தெரியுமே. தொண்ணூற்றாறு, பூச்சியம் எட்டு, இருபத்தொன்பது. ஐசி எண் தொடங்குவதே பிறந்த தேதியில்தான். ஐசி மாதிரி, வருஷம் முன்னால. ஒவ்வொரு ஆகஸ்ட் இருபத்தொன்பதுக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய் ரொட்டிக் கடையில் கேக் வாங்கி வந்தவர் அல்லவா. தட்டினார். கைப்பேசி ஒருமுறை நடுங்கிவிட்டு மறுபடியும் கேட்டது.

விரல் தடுமாறியிருக்கும் என்று மெதுவாகத் தட்டினார். இல்லை. உறைக்குள்ளிருந்து ஐசி நகலை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தட்டினார். 960829. இல்லை.

"அண்ணே, நம்ம ஊர்ல வருஷம் முன்னால. இங்க நாளுதான் முன்னால போடுறாங்க. இந்தியாவுக்கு வந்ததும் அதுவா மாறியிருக்குமோ?" தங்கராஜு கேலியாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அப்படியும் தட்டிப் பார்த்தார்கள். மாதத்தை முன்னால் போட்டும் பார்த்தார்கள். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்து, முப்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியது. அது முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

"விடுங்கண்ணே. மருமவனுக்கு ஒரு கால் அடிங்க."

"அவன் நம்பரும் இதுக்குள்ளதானப்பா இருக்கு."

"அப்ப ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம். நாலு மணிக்கு வேன். வாங்க, ஒரு காப்பி குடிப்போம்."

"நீங்க போங்க. நான் வரேன்."

ஊருக்குப் போக இன்னும் நான்கு நாள். நான்கு நாள் பொறுத்திருந்தால் போதும். அது அவருக்கும் தெரியும். ஆனால் மகளுக்காக ஒன்றுக்கும் ஆகாத வேண்டுதலைத் தீர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு தெருவோரம் உட்கார்ந்திருப்பவரிடம் போய் நான்கு நாள் பொறு என்று யார் சொல்வது? தன் பிறந்த நாளைத் தட்டினார். காளியம்மாவுடையதைத் தட்டினார். நடுவில் அது காத்திருக்கச் சொல்லும்போதெல்லாம் காத்திருந்தார். எண்கள் குறையக் குறைய, இந்த முறை திறந்துவிடும் என்று நம்பினார். மாலா செத்துப்போன நாளைத் தட்டுவதற்கு மட்டும் விரல் வரவில்லை. பிறகு அதையும் தட்டினார். மறுபடி ஐசி எண்ணுக்கே வந்தார். லோகேஸ்வரன் ஏதோ பதினைந்து என்று சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அது திருடனுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தார். தான் திருடன் இல்லையே.

பதினைந்தாவது முறை திரை கறுத்துப்போனது. சற்று நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வெள்ளை வெளேரென்று வெளிச்சம் வந்தது. திறந்துவிட்டது என்று செல்லன் நினைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. முருகா என்று சொன்னார். என்ன மொழி வேண்டும் என்று ஒரு வரிசை வந்தது, அதில் தமிழும் இருந்தது. தமிழைத் தொட்டார். 'வணக்கம்' என்றது. அதுவரை ஆங்கிலத்திலேயே இருந்த பெட்டி தன்னோடு தமிழில் பேசுகிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்துகூட போனார் அந்த மனிதர். கேட்டதற்கெல்லாம் சரி, அடுத்து, சரி என்று தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு நீலப் படம் வந்து நின்றது. மாலாவின் படம் இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு கடற்கரை இருந்தது.

தங்கராஜு இரண்டு காப்பியோடு வந்தபோது அவர் அந்தக் கடற்கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காளியம்மாவிடம் பொய் சொன்னார். முதல் நாள் சார்ஜ் ஏறவில்லை என்றார். அடுத்த நாள் வெளிநாட்டு சிம் போட்டதால் ஏதோ கோளாறு, லோகேஸ்வரன் சரி பண்ணிக் கொடுப்பான் என்றார். காளியம்மா இரண்டு நாளும் ஆறரைக்கு மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய்த் தூக்கைக் கட்டினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் அது எதிரில் இருப்பவருக்குத் தெரியாதா என்ன.

மூன்றாம் நாள் காலை ஷிப்டு முடிந்ததும் தூங்காமல் நேரே லோகேஸ்வரன் கடைக்குப் போனார். அவன் எதை எதையோ சொருகி அரைமணி நேரம் பார்த்தான். பிறகு வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தான்.

"ரீசெட் ஆயிடுச்சு மாமா. உள்ள ஒன்னும் இல்ல."

"வேற எங்கயாச்சும் இருக்குமா?"

"அதுக்குத்தான் பேக்கப் போடவான்னு கேட்டேன்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். "மூஞ்சிக்குத் திறக்கலன்னா நம்பர் அடிச்சிருக்கலாமே?"

"மொட்ட போட்டதால மூஞ்சி தெரியல அதுக்கு."

"மொட்ட காரணமில்ல மாமா. அணைச்சுட்டு மறுபடி போட்டா முதல்ல நம்பர்தான் கேக்கும். யாருக்கா இருந்தாலும் கேக்கும்."

"நம்பரத்தான் அடிச்சேன். நீ சொன்ன மாதிரியே. ஐசி மாதிரி. தொண்ணூத்தாறு, சைபர் எட்டு, இருபத்தொம்போது."

லோகேஸ்வரன் அவரையே பார்த்தான்.

"மாமா, ஐசி தேதியவா வைப்பேன்? அந்த ஐசிதான் கவருக்குள்ளயே இருக்கே. திருடுறவன் எடுத்த ஒடனே திறந்துடுவானே. வருஷம் மாசம் நாளு வரிசைதான் ஐசி மாதிரின்னு சொன்னேன். வச்சது நெசப் பொறந்த நாளு. அத்தை வருஷா வருஷம் பாயாசம் வைப்பாங்களே, அந்த நாளு. சின்னதுல நான் ஓடி வந்து குடிப்பேனே. ஆகஸ்ட் பதினொன்னு."

செல்லனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

மாலா பிறந்தபோது குலை வெட்டு மும்முரம். இன்றைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டு, மூன்று வாரத்துக்கு மேல் கழித்துப் பெயர் பதியக் கிளம்பினார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தடுத்து நிறுத்தினார். ரெண்டு வாரம் தாண்டிப் போச்சு, இப்பப் போனா விசாரணை, அலைச்சல். ஒரு இருபத்தொன்பதாம் தேதின்னு போட்டுடு, யாரு பார்க்கப் போறா. கிராணி சொன்னார், செல்லன் செய்தார். பிறப்புப் பத்திரம் அப்படி வந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படிப் போனது. ஐசி அப்படி வந்தது. ஆரம்பத்தில் காளியம்மா, "நம்ம புள்ள பொறந்தது பதினொன்னாந் தேதிங்க" என்று சொல்லிப் பார்த்தாள். ஐசியில் இருப்பதுதான் தேதி என்று இவர் சொன்ன பிறகு விட்டுவிட்டாள். ஆனால் பாயாசத்தை மட்டும் விடவில்லை. வருடத்தில் ஒரு நாள் பாயாசம் கொடுப்பாள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று இவர் கேட்பார். நல்ல நாள் என்பாள். இவர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, பெற்ற மகள் பிறந்த நாளை மறந்துபோனார் செல்லன். வருடா வருடம் பாயாசம் குடித்தும் அவருக்கு உறைக்கவில்லை.

"இன்னிக்கு என்ன தேதி லோகேஸ்?" என்று கேட்டார்.

லோகேஸ்வரன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "பதினொன்னுதான் மாமா."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றினார். வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. செம்பனைக்கு நடுவே பழைய லயம் இருந்த இடத்துப் பக்கம் போனார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை, புல்லுத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏலக்காய் மணத்தது. காளியம்மா அடுப்பில் பாயாசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் போன பிறகும் அவள் இதை நிறுத்தவில்லை.

"எல்லாம் போயிடுச்சு காளி" என்றார். உட்காரக்கூட இல்லை. "நான்தான் அழிச்சிட்டேன். நம்பரு தெரியாம மாத்தி மாத்தி அடிச்சு, எல்லாத்தயும் அழிச்சிட்டேன். ஒன்னுகூட இல்ல."

கரண்டி நின்றது. அவள் அழவில்லை, திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கடசி வாய்சுமா?"

"எந்த வாய்சு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்புனது. நீங்க எனக்குப் போட மாட்டீங்களே, அது."

"ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க ஷிப்டு முடிஞ்சு பகல்ல தூங்குவீங்கல்ல. தெனம் எடுத்துக் கேப்பேன். லோக்குப் போடுற வரைக்கும்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்." அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் எதையோ கண்டு அவளுக்குச் சந்தேகம் வந்தது. "நீங்க கேக்கலயா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

காளியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகள் சொன்னதைச் சொன்னாள். குரலை மாற்றாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"'பதினொன்னாந் தேதிக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்கப்பா. அம்மா பாயாசம் வச்சிருப்பாங்க. நெசப் பொறந்த நாளு ஒங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது. ஆகஸ்ட் பதினொன்னுப்பா. எழுதி வச்சுக்கிடுங்க'ன்னுட்டு சிரிப்பா. அவ்ளோ முடியாதப்பயும் சிரிப்பா." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "அந்தச் சிரிப்பு ஒன்னு இருந்தாப் போதும்னு இருந்தேன்."

ஒளித்து வைத்தாரே, அதற்குள்தான் எண் இருந்தது. ஒரு நிமிடம் பத்து வினாடி தைரியமாக நின்று கேட்டிருந்தால் போதும். வீட்டில் விட்டுப் போயிருந்தால் போதும். காப்பி எடுக்க விட்டிருந்தால் போதும். செல்லனுக்கு இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆறரை ஆயிற்று. காளியம்மா பழக்கத்தில் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு தம்ளரில் பாயாசம் ஊற்றி வைத்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். நடுவில் கைப்பேசி கிடந்தது. தெருவில் யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்கள். வேறு சத்தம் இல்லை. பாயாசத்தில் ஆடை படிந்தது.

ஏழு மணி ஷிப்டுக்குப் போகிற எண்ணமே அவருக்கு இல்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வெகுநேரம் கழித்து எழுந்து, ஜாகாச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். யார் எதைச் சொன்னாலும் செய்கிறவர். மகள் சொன்ன ஒன்று பாக்கி இருந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள், கண்ணாடி இல்லாமலே குனிந்து, ஆறு எண்களையும் எழுதினார். 960811. ஐசி மாதிரி, வருஷம் முன்னால. அதை வைத்துத் திறப்பதற்கு இப்போது எதுவும் இல்லை.